கடலூரா, புதுச்சேரியா? மாற்றலாகி வரும் ஆசிரியருக்கு

இரண்டு ஊருக்கும் நடுவே 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வாடகை கேட்டால் தூரம் தெரியும்.

புதுச்சேரியில் கடற்கரைப் பக்கத் தெருக்களை மறந்துவிடுங்கள். அங்கே வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குத்தான். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் தேடலாம். பள்ளி, கல்லூரிகள் அருகில். ஆனால் நல்ல வீடு காலியாக நிற்காது, அட்வான்ஸும் கனம். சம்பளம் 25,000 என்றால் வாடகை 7,000-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. அந்தத் தொகைக்கு அங்கே மனசுக்குப் பிடித்த வீடு கிடைப்பது கஷ்டம்.

கடலூரில் அதே பணத்துக்குக் கொஞ்சம் காற்றோட்டம் கிடைக்கும். மஞ்சக்குப்பம், செம்மண்டலம் வசதி. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையமும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள், தரகரை அல்ல. ரசாயன ஆலைகள் உள்ள சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் சாயங்காலம் ஒருமுறை போய் மூச்சு இழுத்துப் பாருங்கள்.

பள்ளி புதுச்சேரியின் தெற்குப் பக்கம் இருந்தால் நான் கடலூரில்தான் குடியிருப்பேன். பேருந்து அடிக்கடி உண்டு. வடக்கே லாஸ்பேட்டைப் பள்ளி என்றால் கடலூர் வேண்டாம். நகர நெரிசலைத் தாண்டுவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.