நெக்ஸானா, பிரெஸ்ஸாவா: வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி ஒன்றைத் தேடிக் கிளம்பும் பல குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது டாடா நெக்ஸானுக்கும் மாருதி பிரெஸ்ஸாவுக்கும் நடுவில்தான். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. இரண்டின் நீளமும் 3,995 மி.மீ.; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஒன்றில் 2,498, மற்றொன்றில் 2,500. அளவை மட்டும் பார்த்தால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பானெட்டைத் திறந்தால்தான் இவை இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் என்பது விளங்குகிறது.

பிரெஸ்ஸாவில் இருப்பது 1,462 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத இந்த இன்ஜின் 103 பி.எஸ். திறனும் 137 என்.எம். டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) தருகிறது என்றாலும், அந்த டார்க் முழுமையாகக் கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 4,400 முறை சுழலும்போதுதான் (4,400 ஆர்.பி.எம்.). நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் மூன்றே சிலிண்டர்களைக் கொண்டு 120 பி.எஸ். திறனையும், 1,750 ஆர்.பி.எம்.மிலேயே 170 என்.எம். டார்க்கையும் தந்துவிடுகிறது. அதன் 1.5 லிட்டர் டீசலில் 260 என்.எம். டார்க், 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்தே கிடைக்கிறது.

இந்த எண்களுக்கு என்ன பொருள் என்பது சமதளத்தில் தெரியாது. சேலத்தில் டெஸ்ட் டிரைவ் என்றால் ஐந்து ரோட்டைச் சுற்றி வருவதோடு முடித்துவிடுவார்கள். நாங்கள் வற்புறுத்திக் கேட்டு, வீட்டார் நால்வரும் ஏறிக்கொண்டு, ஏற்காடு மலைப்பாதையின் தொடக்க வளைவுகள் வரை ஓட்டிப் பார்த்தோம். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மீண்டும் ஏறத் தொடங்கும் அந்த இடத்தில், பிரெஸ்ஸாவை இரண்டாம் கியரில் நன்றாக மிதித்து இன்ஜினைச் சுழல விட வேண்டியிருக்கிறது; வண்டி ஏறிவிடுகிறது, ஆனால் இன்ஜினின் உழைப்பு உள்ளே அமர்ந்திருப்பவர்களின் காதுக்கு எட்டுகிறது. நெக்ஸான் பெட்ரோலில், சுழற்சி மிகவும் இறங்கிவிட்டால் டர்போ விழித்துக்கொள்ளும்வரை ஒரு கணம் காத்திருக்க நேர்கிறது. டீசல் நெக்ஸானோ, கியரை மாற்றும் எண்ணமே வராதபடி, அதே இரண்டாம் கியரில் நிதானமாக இழுத்துக்கொண்டு மேலே போகிறது. மலைப்பாதைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்பேன்.

நகர நெரிசலில் நிலைமை மாறுகிறது. பிரெஸ்ஸாவின் ஆறு வேக டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், ஊர்ந்து நகரும் போக்குவரத்தில் கியர் மாறுவதே தெரியாமல் நடந்துகொள்கிறது. மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் நெக்ஸானின் ஏ.எம்.டி.யில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தலை சற்று முன்னும் பின்னும் அசைவதை உணரலாம். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் அதைத் தீர்த்துவிடுகிறது என்றாலும் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்.

விலையைப் பற்றிப் பேசும்போது வரியை விட்டுவிட முடியாது. நான்கு மீட்டருக்குட்பட்ட காராக இருந்தாலும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் இன்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால்தான் அது சிறிய கார் என்ற சலுகையைப் பெறும். 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நெக்ஸானின் இரண்டு இன்ஜின்களும் இதில் அடங்கிவிடுகின்றன. பிரெஸ்ஸாவின் இன்ஜின் அந்த வரம்பைத் தாண்டுவதால் அதற்கு 40 சதவீதம். இதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி வருகிறது: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் ரூபாய்க் காரிலிருந்து 10.1 லட்சம் ரூபாய்க் காருக்கு மாறினால், விலையில் கூடுவது 20,000 ரூபாய்தான். சாலை வரியிலோ ஏறத்தாழ 53,000 ரூபாய் கூடுகிறது. சன்ரூஃபுக்காக அடுத்த வேரியண்ட்டைக் கைகாட்டும் விற்பனையாளர் இந்தக் கணக்கைத் தாமாகச் சொல்ல மாட்டார். சாலை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையை ஒதுக்கிவிட்டு, எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை மட்டும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

பாதுகாப்பில் எனக்குத் தயக்கம் இல்லை. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில், 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான். கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி 2024-இல் நடந்த சோதனையிலும், பெரியவர்கள், குழந்தைகள் இருவருக்குமான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. பிரெஸ்ஸாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்கு நட்சத்திரங்கள் 2018-இல் முந்தைய தலைமுறை வண்டிக்குக் கிடைத்தவை. இப்போது விற்பனையில் இருப்பது 2022-இல் வந்த தலைமுறை என்பதால், அந்த மதிப்பீட்டை இதற்கு ஏற்றிச் சொல்வது சரியாகாது. ஆறு ஏர்பேக்குகள் இன்று இரண்டிலும் எல்லா வேரியண்ட்டுகளிலும் உண்டு.

என் தாயார் மெச்சியது பிரெஸ்ஸாவைத்தான். 1,685 மி.மீ. உயரமும் நிமிர்ந்த கூரையும் இருப்பதால் அவர் தலையைக் குனியாமல் பின் இருக்கையில் ஏறி அமர்ந்தார். அகன்ற ஜன்னல் கண்ணாடிகளால் வெளியே நன்றாகத் தெரிகிறது. நெக்ஸான் 65 மி.மீ. குறைவான உயரம் கொண்டது. கூரை பின்புறம் சரிவதால் உள்ளே சற்று அடைத்தாற்போல் இருக்கிறது. ஆனால் டிக்கி நெக்ஸானில் 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328. சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும் வண்டி வேண்டுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பிரெஸ்ஸாவில் ஒற்றை எரிவாயுச் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது; நெக்ஸானில் இரட்டைச் சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைத்து 321 லிட்டரை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நெக்ஸான் டீசல், மேனுவல் கியர், பத்து லட்சத்தைத் தாண்டாத வேரியண்ட். எங்களுக்கு நெடுஞ்சாலை ஓட்டமும் மலை ஓட்டமும் அதிகம். தினமும் கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வீட்டுக்கு இதே டீசலைச் சொல்ல மாட்டேன்; புகைக்கரியைச் சேர்த்துவைத்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி சுத்தமாவதற்கு அவ்வப்போது நீண்ட, சீரான ஓட்டம் தேவை, அது கிடைக்காவிட்டால் அடைப்பு ஏற்பட்டுச் செலவு வைக்கும். அத்தகைய வீட்டில் வயதானவர்களும் இருந்தால், 40 சதவீத வரியைப் பொறுத்துக்கொண்டு பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்கையே வாங்கலாம்.