வானொலியா, விமானமா? பிரான்சிலிருந்து லண்டனுக்குச் செய்தி போன இரு வழிகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பிடியிலிருந்த பிரான்சில், லண்டனுக்காக மறைந்து வேலை செய்த உளவாளிகளின் அவசரச் செய்திக்கு வானொலியை மிஞ்ச எதுவும் இல்லை. சங்கேதமாக்கி மோர்ஸில் தட்டினால் அன்றே லண்டன் சேரும். சூட்கேஸுக்குள் அடங்கிய பி2 என்ற வானொலிக் கருவியின் எடை சுமார் 15 கிலோ. ஏரியல் கம்பியை நீளமாக இழுத்துக் கட்டவேண்டும், அதுவே காட்டிக்கொடுக்கும். தட்டும் ஒவ்வொரு நிமிடமும் சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்கும் ஜெர்மானியரின் வண்டிகள் நெருங்கும். பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். எங்கே நிறுத்தியதும் சிக்னல் அறுகிறதோ, அங்கேதான் ஆள். பேட்டரி இருந்தால் இந்தப் பொறியில் விழாமல் தப்பலாம்.

1943 ஜூனில் பிரான்சில் வந்திறங்கிய பிரிட்டிஷ் உளவாளி, வானொலி இயக்குநர் நூர் இனாயத் கான் அக்டோபரில் பிடிபட்டார். அனுப்பிய செய்திகளின் நகல்கள் அவரிடம் இருந்தன. அவற்றைக் கொண்டு ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனை ஏமாற்றினர். அவரை 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் கொன்றார்கள். அந்தத் துணிச்சலுக்கு இந்த முடிவு நேர்ந்தது இன்றும் மனதை அறுக்கிறது.

லைசாண்டர் என்ற சிறிய பிரிட்டிஷ் விமானம் வேறு வகை. வரைபடம், நீண்ட அறிக்கை, ஆள் எல்லாம் ஏறும். ஆனால் பயணிகள் இருவர், நெருக்கினால் மூவர். நிலவொளி நாட்களில் மட்டுமே வரும். அது இறங்க வழிகாட்ட வயலில் தலைகீழ் 'எல்' வடிவில் மூன்று விளக்குகள்: முதல் இரண்டுக்கும் இடையே 150 மீட்டர், மூன்றாவது வலப்புறம் 50 மீட்டரில். மேகம் மூடினால் பயணம் ரத்து. வயல் சேறானால் சக்கரம் புதையும்.

பிரெஞ்சுப் பெண் உளவாளி ஜானி ரூசோ 1943இல் ஜெர்மன் ராக்கெட்டுகள் பற்றித் தந்தது போன்ற விரிவான அறிக்கைக்குக் காகிதமே சரி. ரயில் நகர்வு, கைது எச்சரிக்கை என்றால் வானொலிதான்.