ஏறாவூரில் ஒரு இம்ப்ரெசா, கல்முனையில் ஒரு எவலூஷன்

ஐந்து வாரங்களாக இரண்டு பழைய யப்பானிய டேர்போ கார்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றை வாங்கிவிட்டேன். ஒன்று ஏறாவூரில் நின்ற சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஜீடிஏ என்ற குறியீட்டு உடல். மற்றையது கல்முனையில் நின்ற மிற்சுபிசி லான்சர் எவலூஷன் 7. சீடி9ஏ உடல், ஜிஎஸ்ஆர் ரகம். இரண்டும் 2001ஆம் ஆண்டுத் தயாரிப்பு, இரண்டும் ஐந்து கியர் மனுவல், கேட்ட விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டாலும், பழைய வாகனங்களுக்கு வயதெல்லை இருப்பதால் இந்த வயதுடைய கார்கள் இனி நாட்டுக்குள் வரப்போவதில்லை. ஏற்கெனவே பதிவாகி, மூன்று நான்கு கை மாறியவற்றுக்குள்தான் தேட வேண்டும்.

வலுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யப்பானிய ஏட்டின்படி டபிள்யூஆர்எக்ஸ் 250 குதிரைவலு, எவலூஷன் 280. யப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால் 2004 வரை எந்தக் காரும் 280க்கு மேல் விளம்பரப்படுத்தப்படவில்லை என்பதால், அந்த இரண்டாவது எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் ஊர்களுக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்ற வேக எல்லையும், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகளும் உள்ளவரை, அந்த 30 குதிரைகளும் லாயத்திலேயே நிற்க வேண்டியவைதாம். எவலூஷனில் இரண்டாம் கியர் முடிவதற்குள் சட்டம் முடிந்துவிடுகிறது.

ஓட்டிப் பார்த்தபோது மனதைப் பிடித்தது இம்ப்ரெசாதான் என்பதை மறைக்க மாட்டேன். செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியில் கரடியனாறு வரை கொண்டுபோனேன். வயல்களுக்கு நடுவே மூன்றாம் கியரில் மெதுவாக மிதித்தால், கிடையாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களும் அந்தச் சுபாருக்கே உரிய இடறல் தாளத்தில் முணுமுணுக்கின்றன. நீளம் ஒத்திராத புகைக்குழாய்களால் வருகிற ஓசை அது. பள்ளங்களை ஒரு தடவை அமுங்கி விழுங்கிவிடுகிறது. எவலூஷன் அப்படி இல்லை. ஸ்டியரிங்கை ஒரு விரல் அசைத்தால் மூக்கு திரும்பிவிடும்; அதே வேகத்தில் வீதியின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்புக்கு வந்து சேரும். ரெக்காரோ இருக்கையின் வலது விளிம்பில் துணி தேய்ந்து, உள்ளிருக்கும் பஞ்சு மஞ்சளாகத் தெரிந்தது. காத்தான்குடியிலிருந்து முட்டைத் தட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு வீடு வர முடியாத கார் என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

வெயில் இன்னொரு கதை சொல்லியது. டேர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், இம்ப்ரெசாவில் எஞ்சினின் மேலேயே, போனற்றில் உள்ள வாய்க்குக் கீழே படுத்திருக்கிறது. கார் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வாய் காற்றைக் கொண்டுவரும்; காத்தான்குடிப் பிரதான வீதியில் மாலை நேர நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்தால், கீழிருந்து எழும் சூடு முழுவதையும் அது குடித்துக்கொள்கிறது. ஆரையம்பதி தாண்டி வெளியே வந்து மிதித்தபோது கார் ஈரத்துணியைப் போலக் கனத்தது; சில நிமிடம் ஓடிய பிறகுதான் பழைய உயிர் வந்தது. எவலூஷனின் இன்டர்கூலர் முன் பம்பருக்குள் காற்றுக்கு நேரே நிற்கிறது. போதாதென்று அதன்மேல் நீர் தெளிக்க ஓர் ஏற்பாடும் உண்டு. இரண்டுமே யப்பானின் உயர் ஒக்ரேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. எனவே 92ஐ மறந்துவிட்டு, 95 கிடைக்கும் இடமாகப் பார்த்து நிரப்பிக்கொண்டே நீண்ட பயணம் புறப்பட வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு கார்களையும், பணம் கொடுப்பதற்கு முன், கல்முனையில் நான் வழமையாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோய், பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கொம்பிரஷன் பார்த்தோம். எவலூஷனின் 4ஜி63 எஞ்சின் வார்ப்பிரும்புக் கட்டையில், நெட்டாக நிற்கும் நான்கு சிலிண்டர். போனற்றைத் திறந்து மேல் மூடியைக் கழற்றினால் பிளக்குகள் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. அரை மணி நேரத்தில் நான்கும் பார்த்து முடிந்தது. அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே எட்டுப் புள்ளிதான் வித்தியாசம். இம்ப்ரெசாவில் பிளக்குகள் இரு பக்கமும் உடலின் சுவரைப் பார்த்தபடி ஒளிந்திருப்பதால், ஒரு பக்கத்தில் காற்று வடிகட்டிப் பெட்டியும் மறு பக்கத்தில் பற்றரியும் கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியும் இறங்கியாக வேண்டும். முழங்கை வரை கையை நுழைத்து நின்ற மெக்கானிக், “தம்பி, இதுட பிளக்கக் கழட்டுறதுக்குள்ள மத்த வண்டிக்கு முழுச் சேர்விசும் செஞ்சிருவன்” என்றார். முடிவு மோசமில்லை, இந்த ஈஜே வகை எஞ்சின்களில் முதலில் களைப்பதாகச் சொல்லப்படும் நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினாலும் பத்து வீதத்துக்குள் நின்றது. ஆனால் நாளைக்கு எஞ்சின் தலைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கேஸ்கற் போனால் பெரும்பாலும் எஞ்சினை வெளியே இறக்கித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை அவர் தயங்காமல் ஏற்பாரா என்று கேட்டேன். கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்.

எவலூஷனுக்கும் ஒரு நோய் இருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து திரும்பும் வழியில், டாஷ்போர்டில், முன் பின் சில்லுகளுக்கிடையே வலுவைப் பங்கிடும் நடு டிபரென்ஷியலுக்குரிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்து நின்றன. பின் சில்லுகளுக்கிடையே வலுவைப் பங்கிடும் அக்டிவ் யோ கொன்ட்ரோலுக்கும் நடு டிபரென்ஷியலுக்கும் எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் பம்ப் இந்தத் தலைமுறை எவலூஷன்களில் பெயர்பெற்ற பலவீனம். காரின் பின்புறத்தில் இருக்கும் அது ஈரத்துக்கும் துருவுக்கும் இலகுவில் இரையாகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. இம்ப்ரெசாவில் இப்படி எதுவும் இல்லை. அதன் நடு டிபரென்ஷியல் மின்னணு எதையும் கேட்காமல் தன்பாட்டில் வேலை செய்கிறது.

நோய்களை எண்ணினால் இரண்டும் சமமாகத் தோன்றும். நான் வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: எந்தக் கோளாறு மகாஓயாக் காட்டில் இரவு எட்டு மணிக்கு என்னை இறக்கிவிடும், எது வீடு வரை கொண்டுவந்துவிட்டு முறையிடும்? யோ கொன்ட்ரோல் செத்தாலும் கார் ஓடுகிறது. வளைவில் அந்த மந்திரத் திருப்பம்தான் போய்விடும். விளக்கு எரிந்தபடியே கல்முனையிலிருந்து கல்லடி வரை எந்தத் தடையுமில்லாமல் ஓட்டிவந்தேன். சுபாருவின் பலவீனமோ எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. அது போனால் கார் நின்றுவிடும், நின்றால் லொறியில்தான் வரும். லான்சர் என்ற பெயருக்கு எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பழக்கமும், கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பாகங்களும் இருப்பது கூடுதல் ஆறுதல். அடிக்கடி குடும்பத்தோடு கொழும்பு போய்வருபவர், அங்கே சுபாரு தெரிந்த கராஜ் ஒன்றை வைத்திருப்பவர் என்றால், தயங்காமல் இம்ப்ரெசாவை எடுக்கலாம். அது அன்றாட வாழ்வுக்கு இதமான கார்.

பம்பின் பெயரைச் சொல்லி விலையைக் குறைத்து எவலூஷனை எடுத்தேன். வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கத்தைக் கட்டையில் பொறித்த இலக்கத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். இவ்வயதுக் கார்களில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம், மாற்றத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பதும் சாதாரணம். மற்றையது ரயர். நான்கு சில்லும் இழுக்கும் கார்களில் ஒரு ரயர் மட்டும் புதிதாக இருந்தால் சுற்றளவு வேறுபட்டு டிபரென்ஷியல் தேயும். பள்ளத்தில் ஒன்று கிழிந்தால், தேய்வைப் பொறுத்து நான்கையும் வாங்க நேரலாம். எவலூஷனின் 235/45 பதினேழு அங்குல அளவுக்கு அது மனதைக் கனக்கச் செய்யும் பட்டியல்.

முதல் வாரத்திலேயே, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற்றையும், எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் தண்டுக்குரிய சிறிய பெல்ற்றையும் சேர்த்து மாற்றினோம். சிறியது அறுந்தால் பெரியதற்குள் சிக்கி வால்வுகளை வளைத்துவிடும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. காலையில் தொடங்கிய வேலை அசருக்குப் பாங்கு சொல்லும் வேளையில் முடிந்தது. கழற்றிய சின்னப் பெல்ற்றை மெக்கானிக் என் கையில் தந்து, பின்பக்கமாக மடிக்கச் சொன்னார். பற்களின் அடியில் வரிசையாக, நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருந்தன.