சிட்டி ஹாலா, ஓர்சேயா?

பழைய ரயில் நிலைய அலங்காரம் பார்க்க ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நியூயார்க்கின் சிட்டி ஹாலா, பாரிஸின் ஓர்சேயா?

அழகு: சிட்டி ஹால், 1904-இல் திறந்த சுரங்க நிலையம். குவாஸ்டவினோ முறையில் மெல்லிய ஓடுகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள், கூரைக் கண்ணாடிகள், பித்தளைச் சரவிளக்குகள். நடைமேடையே வில்லாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் புதிய நீள ரயில்களுக்கு ஒத்துவராமல், 1945-இல் நிலையத்தை மூடவும் வைத்தது!
ஓர்சே, 1900-இல் திறந்த ரயில் நிலையம். கட்டடக் கலைஞர் விக்டர் லாலு கல் முகப்புக்குப் பின்னால் இரும்பையும் கண்ணாடியையும் ஒளித்துவைத்தார். அப்புறம் அந்தப் பெரிய கடிகாரம்.

நுழைவு: ஓர்சே 1986 முதல் அருங்காட்சியகம், சீட்டு வாங்கினால் சரி.
சிட்டி ஹாலுக்கு, நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியக உறுப்பினராகிச் சுற்றுலாவில் இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் 6-ஆம் எண் சுரங்க ரயில் இந்த நிலையம் வழியாகத் திரும்பும்போது ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம்.

ஓட்டு வேலைப்பாட்டுப் பித்தர்களுக்கு சிட்டி ஹால். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஓர்சே.