கவுன்சில் வீட்டுக் கதவில் ஒரு கமரா: எங்கள் வீடமைப்புப் பிரிவின் சேவை பற்றி

ஐந்து நட்சத்திரங்களில் இரண்டைக் கொடுக்கிறேன். அவை இரண்டும், ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் வாசலில் முழந்தாளிட்டு, கைவிளக்கின் வெளிச்சத்தில் கதவின் விளிம்பை ஆராய்ந்த பெண் உத்தியோகத்தர் ஒருவருக்கே உரியவை. குறைத்த மூன்றும் அவர் வருவதற்கு முன் கழிந்த ஏழு மாதங்களுக்கானவை. எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்திருக்கும் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்த மூன்று தமிழ்க் குடும்பங்களுக்கு லண்டனின் வேறு கவுன்சில்களிலிருந்து ஏறத்தாழ இதே கடிதம் வந்திருப்பதால், பெயரைவிட நடந்த முறையைச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். ஒவ்வொரு மாடியிலும் வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒரு நீண்ட திறந்த விறாந்தையைப் பார்த்தபடி இருக்கும். எவர் எங்கே போவதென்றாலும் மற்றவர் வாசலைக் கடந்தே போக வேண்டும். என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறார். அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பெப்ரவரி இரவில், இரண்டு மணியளவில், யாரோ எங்கள் கதவின் கைபிடியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே நானும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டுமே இருந்தோம். பொலிஸில் சொன்னதற்குக் கிடைத்தது ஒரு முறைப்பாட்டு இலக்கம். அடுத்த சனிக்கிழமை மகன் வந்து, மின்கலத்தில் இயங்கும் கமரா மணி ஒன்றைக் கதவில் இரண்டு திருகாணிகளால் பொருத்திவிட்டுப் போனான். கவுன்சிலிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் பிழை.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பகலிலும் இரவிலும் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆறு மாதம் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த மின்கலம், குளிர்காலத்தில் ஐந்து கிழமைக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கிறது. பதிவுகளைச் சேமித்துவைக்க மாதச் சந்தா தனி.

ஜூன் நடுப்பகுதியில் கடிதம் வந்தது. “அனுமதியற்ற கண்காணிப்புக் கருவியை” பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டும், அது வாடகை ஒப்பந்தத்தையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறுகிறது, தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்பதே அதன் சாரம். ஒப்பந்தத்தின் எந்தப் பந்தி என்று இல்லை. யார் பார்த்தார்கள், என்ன ஆட்சேபம் என்றும் இல்லை. கீழே கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பிரிவின் பெயர் மட்டும். மனைவி அன்று வேலையால் வந்து நித்திரை கொள்ளவில்லை. வீட்டை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். வீட்டை எடுப்பது அவ்வளவு இலகுவான காரியம் அல்ல. பாதுகாக்கப்பட்ட வாடகை உரிமை உள்ளவரை வெளியேற்றுவதற்குக் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்த மீறலை நிரூபித்த பிறகும், வெளியேற்றுவது நியாயமானதுதான் என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தை அனுப்பியவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

தரவுப் பாதுகாப்பு என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்திய விதம் சரியல்ல. வீட்டில் கமரா வைப்பதை 2018ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்யவில்லை. சொந்த வீட்டுத் தேவைக்காக, சொந்த எல்லைக்குள் பதிவுசெய்பவருக்கு அந்தச் சட்டத்தின் கடமைகளே இல்லை. எல்லையைத் தாண்டிப் பொதுப் பாதையையோ அயலவர் வாசலையோ கமரா பிடிக்கத் தொடங்கும்போதுதான் அந்த விலக்கு இல்லாமற் போகிறது. செக் நாட்டவர் ஒருவர் தன் வீட்டில் வைத்த கமரா தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பதிவுசெய்ததைப் பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசெம்பரில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. விலக்கு இல்லாமற் போனாலும் கமராவைக் கழற்றத் தேவையில்லை. கமரா இருப்பதை அறிவித்தல், தேவைக்கு மேல் பதிவுசெய்யாமை, பழைய பதிவுகளை அழித்தல், பதிவானவர் தன் பதிவைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுத்தல் போன்ற கடமைகள் வந்து சேரும், அவ்வளவுதான். தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் வழிகாட்டி இதை எளிய ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறது. கவுன்சில் இரண்டு பக்கத்தில் அதைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே செய்திருப்பேன்.

ஆனால் அந்த வழிகாட்டியை வாசித்த இரவில் எனக்கு ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. ஒலிப்பதிவு பற்றி அதில் சொல்லியிருந்ததைப் பார்த்துவிட்டு, செயலியைத் திறந்து அந்தக் கிழமைப் பதிவுகளை முதன்முறையாகச் சத்தத்துடன் கேட்டேன். பக்கத்து வீட்டு மூதாட்டி பின்னேரங்களில் தன் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். படத்தில் அவருடைய முழங்கையும் கதிரையின் ஒரு காலும் மட்டுமே தெரிந்தன. குரல் மட்டும் எங்கள் வரவேற்பறையில் இருந்து பேசுவதுபோல விழுந்தது. வைத்தியசாலையில் சொன்ன முடிவைத் தொலைபேசியில் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். அந்த நிமிடமே ஒலிப்பதிவை அணைத்து, பழைய பதிவுகளையும் அழித்தேன். 2021 ஒக்ரோபரில் ஒக்ஸ்ஃபோர்ட் மாவட்ட நீதிமன்றம், றிங் நிறுவனத்தின் கமரா மணியும் வேறு கமராக்களும் பொருத்திய ஒருவருக்கு எதிராக அயலவர் தொடர்ந்த வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவு எட்டும் தூரத்தையே கடுமையாகக் கண்டித்ததன் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒலியை அணைத்துவிட்டதையும், கடிதத்தின் காரணங்களை அறிய விரும்புவதையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசிய உத்தியோகத்தர், “கணினியில் அகற்றச் சொல்லி இருக்கிறது, எனக்கு வேறொன்றும் தெரியவில்லை” என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கு முன்னால் இருந்த திரையிலும் காரணம் இல்லை என்பதே உண்மை.

நூலகத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையில் ஒரு வயதான சட்டத்தரணி, 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 97, 98ஆம் பிரிவுகளை எடுத்துக் காட்டினார். பாதுகாக்கப்பட்ட வாடகை உரிமை உள்ளவர் வீட்டில் மேம்பாடு எதையும் செய்வதற்கு முன் கவுன்சிலின் எழுத்து அனுமதியைப் பெற வேண்டும். ஆனால் நியாயமான காரணமின்றி அந்த அனுமதியை மறுக்கக் கூடாது. ரி.வி. அன்ரெனா நிறுவுவதையே அந்தச் சட்டம் மேம்பாடு என்று கணக்கிடுகிறது என்பதால், கதவில் திருகிய கமராவும் அதற்குள் அடங்கும் என்பது அவருடைய கருத்து. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுப்பு நியாயமானது என்று காட்டும் பொறுப்பும் கவுன்சிலுடையதே. நியாயமான காலத்துக்குள் பதிலே சொல்லாவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். முதல் 12 மாதம் அறிமுக வாடகை என்னும் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும், பொருத்திய பிறகு அனுமதி கேட்பது எப்போதும் பலவீனமான நிலைதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆகவே ஜூலையில் முறையாக விண்ணப்பித்தேன்: கருவியின் அளவு, அது பிடிக்கும் பரப்பைக் காட்டும் படம், பொலிஸ் இலக்கம் எல்லாவற்றையும் இணைத்து. பதில் இல்லை. ஓகஸ்ற்றில் முறைப்பாடு செய்தேன். வாடகைக்காரரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான வீடமைப்பு ஒம்புட்ஸ்மனின் முறைப்பாட்டு விதிக்கோவை 2024 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து சட்ட வலு உடையது. அதன்படி முறைப்பாடு கிடைத்ததை 5 வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் முதற்கட்டப் பதிலைக் கொடுக்க வேண்டும். தேவையானால் விளக்கம் சொல்லி இன்னும் 10 நாள் எடுக்கலாம். எனக்கு விளக்கமும் வரவில்லை, பதில் 31ஆவது வேலை நாளில் வந்தது. அதிலும் முதல் கடிதத்தின் வசனங்களே வேறு ஒழுங்கில் இருந்தன. ஒக்ரோபரில் இரண்டாம் கட்டத்துக்குப் போனேன். அதற்கு 20 வேலை நாள். இந்த முறை நீடிப்புக் கேட்டாவது எழுதினார்கள். அந்த நீடிப்பும் முடிந்து, நத்தாரும் கழிந்து, ஜனவரியில்தான் மேலே சொன்ன உத்தியோகத்தர் வந்தார்.

அவர் கமராவைப் பார்க்கவே இல்லை, முதலில் கதவைப் பார்த்தார். கதவைத் திறந்து, அதன் விளிம்பில் ஓடும் ஒரு விரல் அகலமும் இல்லாத பட்டியைக் காட்டி, தீப்பிடித்தால் இந்தப் பட்டி சூட்டில் ஊதிப் பெருத்து, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் என்று விளக்கினார். எங்கள் கதவு முப்பது நிமிடம் நெருப்பைத் தாங்கும் தரத்தில் செய்யப்பட்டது. அதில் எவரும் தம் எண்ணத்துக்குத் துளையிட்டால் அந்தத் தரத்துக்கு எவரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. மகன் இட்ட துளைக்குள் மெல்லிய கம்பியொன்றை நுழைத்து, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று நகத்தால் அடையாளம் பிடித்து என்னிடம் காட்டினார். பதினொரு மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுதோறும் சோதிக்க இயன்ற முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது என்றும், அப்படியான சோதனையொன்றில்தான் எங்கள் கதவு பட்டியலில் ஏறியது என்றும் சொன்னார். 2017 ஜூன் 14ஆம் திகதி கிரென்ஃபெல் மாடிக் கட்டடத் தீயில் 72 பேர் இறந்ததை இந்த நகரத்தில் மாடிவீட்டில் இருப்பவர் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை; அவரும் நினைவூட்டவில்லை.

ஏழு மாதமாக என்னோடு வாதாடிய கவுன்சிலிடம் இப்படி ஒரு காரணம் இருந்தது! அது முதல் கடிதத்தில் இருந்திருந்தால் மகனைக் கூப்பிட்டு அன்று மாலையே கழற்றச் செய்திருப்பேன். எனக்கு இன்றும் விளங்காதது இதுதான்: தீப்பாதுகாப்பு என்ற, எவரும் மறுக்க முடியாத காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி பொருந்தும் ஒரு தரவுப் பாதுகாப்புக் காரணத்தை எதற்காக எழுதினார்கள்? ஒரு பிரிவு கண்டதை இன்னொரு பிரிவு கடிதமாக்கும்போது, ஏற்கெனவே வைத்திருந்த படிவத்தில் எங்கள் முகவரியை மட்டும் நிரப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சட்டத்தரணி தந்த பிரிவுகளையும் அந்த உத்தியோகத்தரிடம் சொன்னேன். வீட்டுக்கு அவை பொருந்தும், விறாந்தைச் சுவர் எங்கள் வாடகை வீட்டின் பகுதி அல்ல, அது பொது இடம் என்பதால் அங்கே எதையும் பொருத்துவது கவுன்சிலின் விருப்பத்தில் தங்கியது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதுவும் நியாயமாகவே பட்டது.

இரண்டு கிழமையில் எழுத்தில் அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. கதவிலோ நிலையிலோ துளையிடாமல், சுவரில் ஒட்டும் தாங்கியில் மட்டும் வைக்க வேண்டும். ஒலிப்பதிவு அணைந்தே இருக்க வேண்டும். அயலவர் வாசலைச் செயலியில் மறைத்துவைக்க வேண்டும். கமரா இருப்பதைக் காட்டும் ஒட்டி வேண்டும். வீட்டை விடும்போது கழற்ற வேண்டும். துளைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடைத்ததற்கு எங்களிடம் 85 பவுண் அறவிட்டார்கள். பிழை எங்களுடையது, கட்டிவிட்டேன். தாமதத்துக்காக 100 பவுண் நட்டஈடு தருவதாக இரண்டாம் கட்டப் பதிலில் எழுதியதால் ஒம்புட்ஸ்மன்வரை போகவில்லை. போவதானால் இறுதிப் பதில் கிடைத்து 12 மாதம்வரை அவகாசம் இருக்கிறது. அந்த 100 பவுண் வாடகைக் கணக்கில் வரவாகத்தான் வந்தது, கையில் அல்ல.

போன மாதம் பக்கத்து வீட்டு மூதாட்டியின் பார்சல் ஒன்று காணாமற் போய், கமராவில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தொலைபேசியைக் காட்டினேன்: அவருடைய கதவும் கதிரையும் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். “இதைத்தான் நான் கேட்டேன், இல்லையா?” என்று சிரித்தார். கவுன்சிலிடம் முறையிட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். என்னிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவந்து, கேட்காமல் விட்டேன். நானும் பொருத்துவதற்கு முன் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: எங்கள் கவுன்சிலின் இணையப் படிவத்தில் கமரா என்று ஒரு தெரிவு இன்னும் இல்லை. சமையலறை, குளியலறை, வேலி, செய்மதித் தட்டு எல்லாம் இருக்கின்றன. “மற்றவை” என்பதை அழுத்தி, கதவை மூடிய நிலையில் ஒரு படமும், கமரா பிடிக்கும் காட்சியின் படமும் இணைத்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி முதல் வரியிலேயே கேளுங்கள். திருகாணியைப் பதில் வந்த பிறகு கையில் எடுக்கலாம்.