யாழ்ப்பாணச் சுவருக்கு எந்த வோல்பேப்பர்?

வோல்பேப்பர் வாங்குபவர்கள் பெரும்பாலும் மாதிரிப் புத்தகத்தில் பூவையும் நிறத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட நான் முதலில் தாளைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பேன். இங்கே ஒரு தாள் அடுத்தடுத்த மாரிகளைத் தாங்குமா என்பது அந்த முதுகிலும், அது ஒட்டப்படும் சுவரிலும்தான் தங்கியிருக்கிறது.

மலிவாகக் கிடைப்பது பின்தாளை உரித்து ஒட்டும் ஸ்ரிக்கர் வகை. எமல்ஷன் பூசி நன்கு காய்ந்த வழுவழுப்பான சுவரிலும் அலுமாரிக் கதவிலும் அது நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் வரும். ஸ்ரிக்கர் அந்தத் தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. வாடகை அறையில் ஒரு சுவரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு அது போதும். சொந்த வீட்டின் வரவேற்பறைக்கு நான் அதைச் சொல்வதில்லை.

உண்மையான போட்டி கடதாசி முதுகின்மேல் பிளாஸ்ரிக் முகமுள்ள வினைலுக்கும், நெய்யாமல் இழைகளைச் சேர்த்துச் செய்த முதுகுள்ள நொன்வோவன் தாளுக்கும் இடையில்தான். வினைலை ஈரத்துணியால் துடைக்கலாம். பிள்ளைகளின் கைபடும் நடைவழிக்கு அது பெரிய வசதி. ஆனால் வினைல் நீராவியை வெளியே விடாது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை வெளிச்சுவரை நனைக்க, உள்ளே ஊறிய ஈரம் போக வழியின்றித் தாளின் பின்னால் தங்குகிறது. கடதாசியும் மாப்பசையும் பூஞ்சணத்துக்கு உணவாகின்றன. பொருத்துகளின் ஓரமாகக் கரும்புள்ளிகள் கிளம்புகின்றன. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் உவர்க் கிணற்றுநீரில் சாந்து குழைத்துக் கட்டிய வீடுகளில் உப்பும் சேர்ந்து பூக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய நாற்சார் வீட்டுச் சுவர்களோ ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடுபவை. அவற்றை வினைலால் மூடுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

செலுலோஸ் இழையும் பொலியெஸ்ரர் இழையும் கலந்த நொன்வோவன் முதுகு நனைந்தாலும் விரியாது. ஆகவே பசையைச் சுவரில் பூசி, காய்ந்த தாளை நேரே அதன்மேல் இறக்கலாம். கடதாசி முதுகு பசை பட்டதும் அகலத்தில் விரியும். மடித்துவைத்துச் சில நிமிடம் ஊறவிடாமல் ஒட்டினால் சுவரிலேயே விரிந்து கொப்புளம் போடும், காயும்போது பொருத்து வாய் திறக்கும். இரண்டையும் பிரித்தறிய, மாதிரித் துண்டின் பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: கடதாசி சுருளும், நொன்வோவன் அப்படியே கிடக்கும். எனினும் நொன்வோவன் என்று விற்கப்படுபவை பலவற்றின் முகம் வினைலே. அந்த முதுகு ஒட்டவும் உரிக்கவும் உதவுமே தவிர, ஈரம் வெளியேற உதவாது. ஆகையால் முகத்தையும் விசாரிக்க வேண்டும்.

றோலின் அளவு பணத்தோடு சம்பந்தப்பட்டது. ஐரோப்பிய றோல் 0.53 மீற்றர் அகலமும் 10.05 மீற்றர் நீளமும் கொண்டது. கொரிய றோல் 1.06 மீற்றர் அகலமும் 15.6 மீற்றர் நீளமும் கொண்டது. 10 அடிச் சுவருக்குச் சிறிய றோலில் மூன்று துண்டு வரும். 11 அடியானால், மேலும் கீழும் வெட்டுக்கு விடும்போது இரண்டுதான் வரும், 10 அடி வீணாகும். அதே உயரத்துக்குக் கொரிய றோலில் இரட்டை அகலத்தில் நான்கு துண்டு, அதாவது நான்கு சிறிய றோலின் வேலை. அதை ஒட்ட இருவர் வேண்டும் என்றாலும், உயர்ந்த கூரையுள்ள வீட்டுக்கு அதுவே இலாபம். எந்த அளவானாலும் எல்லா றோலிலும் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கட்டும். இல்லையேல் நிறம் வேறுபடும்.

பசையில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. இலேசான தாளுக்குத் தூளாக வரும் மெதைல் செலுலோஸ் பசை போதும். பாரமான வினைலுக்குப் பிசின் கலந்த வலுவான பசை தேவை. தச்சுவேலைக்குரிய வெள்ளைப் பசையைக் கலந்து ஒட்டும் வழக்கமும் உண்டு. அப்படி ஒட்டிய தாளைப் பிறகு உரிக்கும்போது புட்டியும் பூச்சும் கூடவே பெயர்ந்து வரும்.

வாங்குவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் நாடாவால் சுவரில் ஒட்டி ஒரு முழுநாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவருக்கு மேற்சொன்ன எந்த வகையும் வேண்டாம். ஈரம் வரும் வழியை மேசனைக் கொண்டு அடைத்த பின்னரும் வியர்த்தால், அங்கே சுண்ணாம்பு அடித்துவிட்டு, வோல்பேப்பரை மழை படாத உட்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.