மரத்துக்கு உலோக என்ட் மில்லா, ரூட்டர் பிட்டா?

கொழும்புப் பழைய சோனகத் தெருவில் கருவி தேடி அலைகிறவர்களும், வீட்டுக் கராஜில் கணினி ஓட்ட மரம் குடையும் சின்ன சிஎன்சி ரூட்டர் பூட்டி வைத்திருக்கிற பொடியன்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு இரும்பு வெட்டுகிற கருவியான என்ட் மில்லை மரத்தில் போடலாமா, இல்லை மரத்துக்கென்று விற்கிற ரூட்டர் பிட்தான் வேண்டுமா? போடலாம். ஆனால் எந்த என்ட் மில், எந்த மெஷின் என்று பார்க்காமல் போடக் கூடாது.

இரும்பு கெட்டியானது. அதை வெட்டும்போது விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயராமல் நிற்க வேண்டும் என்பதற்காக என்ட் மில்லின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கியே தயாரிக்கிறார்கள். மேலே பூச்சும் ஏறினால் விளிம்பு இன்னும் சற்று உருண்டுவிடும். மரமோ நார். அதைச் சீவ வேண்டும், நசுக்கக் கூடாது. அதனால்தான் ரூட்டர் பிட்டின் விளிம்பு கூராகவும், சாய்வு அதிகமாகவும், சீவல் வெளியேற இடம் தாராளமாகவும் இருக்கிறது.

உலோகப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் நாலு பல் (வெட்டும் விளிம்பு) என்ட் மில் மரத்தில் ஏன் கருக்குகிறது என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். மெஷின் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைப்போம். ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. சீவினால் மரத்துக்கு நல்லது. இரண்டு பல்லுக்கு அது நிமிடத்துக்கு 3,600 மி.மீ. முன்னேறும் ஓட்டம், நாலு பல்லுக்கு 7,200. பெல்ட்டில் ஓடும் சின்ன மெஷின் அந்த வேகத்தில் முதிரைக்குள்ளோ பலாவுக்குள்ளோ போகாது. சரி, 1,500-இல் ஓட்டினால்? நாலு பல்லில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 0.02 மி.மீ.தான். அதில் பல் சீவாது, உரசும். உரசினால் சூடேறும், மரம் கருகும், கூரும் சீக்கிரம் போய்விடும். மகோகனியில் விழுந்த கருப்புத் தடம் சாண்ட் பேப்பருக்கு லேசில் மசியாது. சுற்றைக் குறைக்கலாமே என்றால், பல சின்ன ரூட்டர்கள் 10,000-க்குக் கீழே இறங்குவதே இல்லை. அதே 10,000 சுற்றில் இரண்டு பல் கருவியை 1,500-இல் ஓட்டினால் ஒரு பல்லுக்கு 0.075 மி.மீ. கிடைக்கும். அது போதும்.

நான் மனமாரச் சிபாரிசு செய்வது அலுமினியத்துக்கென்று வரும் கார்பைட் (எஃகைவிடக் கெட்டியான பொருள்) என்ட் மில்லை. ஒன்று அல்லது இரண்டு பல், மினுக்கிய பள்ளம், கூரான விளிம்பு. பூச்சில்லாததாகப் பார்த்து வாங்கினால் அது மர பிட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். பெயர்ப் பலகை வெட்டுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மூன்று மொழியிலும் எழுத்து வெட்ட வேண்டிய ஊர் இது. சிங்கள எழுத்தின் சுழியும் நம்முடைய ‘ஞ’வின் உள்வளைவும் 6 மி.மீ. பிட்டுக்கு அடங்காது. 1, 1.5, 2, 3 மி.மீ. என்ட் மில்கள் தாராளமாக உண்டு. ரூட்டர் பிட்டில் அவ்வளவு சின்ன அளவுகள் குறைவு.

கருவிகளுக்கான எஃகான ஹைஸ்பீட் ஸ்டீலா, கார்பைடா என்பதில் நீண்ட யோசனை தேவையில்லை. மரநாரை அமுக்கிச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் பசை ஹைஸ்பீட் ஸ்டீலின் கூர்மையைத் தின்றுவிடும். தேக்கில் இருக்கும் சிலிக்காவும் அப்படித்தான். கார்பைட் வாங்குங்கள்.

ரூட்டர் பிட் தெளிவாக ஜெயிக்கிற இடம் ப்ளைவுட். என்ட் மில்கள் அநேகமாக எல்லாமே சீவலை மேலே தூக்கும் முறுக்கு கொண்டவை. உலோகத்தில் அதுதான் சரி. ப்ளைவுட்டில் அதே முறுக்கு மேல் அடுக்கைப் பிய்த்து ஓரத்தை நார் நாராக்கிவிடும். கீழே அமுக்கும் முறுக்குள்ள பிட் மேற்பரப்பைச் சுத்தமாக விடும். இரண்டு பக்கமும் சுத்தமாக வேண்டுமென்றால் கம்ப்ரெஷன் பிட். அதன் நுனிப் பகுதி மேலே தூக்கும், மற்றப் பகுதி கீழே அமுக்கும். ஆனால் முதல் தடவையிலேயே அந்த நுனிப் பகுதியைத் தாண்டிய ஆழத்துக்கு இறக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் மேல் அடுக்கு பழையபடி பிய்யும், கொடுத்த காசு வீண்.

கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரில் என்ட் மில்லே வேண்டாம் என்பேன். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் நடக்கிற மாதிரி விளிம்பை உருட்டுவது, அச்சைப் பின்பற்றி வெட்டுவது போன்ற வேலைக்கு பேரிங் வைத்த பிட் வேண்டும். என்ட் மில்லில் அது இல்லை. அதைவிடப் பெரிய காரணம் தண்டின் அளவு. கருவியின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கால் அங்குலக் கோலெட் 6.35 மி.மீ. என்ட் மில் தண்டு பெரும்பாலும் 6 மி.மீ. கோலெட்டை எவ்வளவு இறுக்கினாலும் பிடி முழுதாக விழாது. மேல்முறுக்கு வேறு பிட்டைக் கோலெட்டிலிருந்து வெளியே இழுக்கும். 20,000 சுற்றில் நழுவுகிற கருவிக்குப் பக்கத்தில் உங்கள் இரண்டு கையும் இருக்கிறது. சிஎன்சியில் 6 மி.மீ. ஈஆர் வகைக் கோலெட் ஒன்று வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

லேத் பட்டறை மில்லிங் மெஷினில் மரம் வெட்டுவது வேறு கதை. அங்கே சுற்று 2,000, 3,000-தான். மரம் வைஸில் அசையாமல் நிற்கும். கூரான இரண்டு பல் ஹைஸ்பீட் ஸ்டீல் என்ட் மில் அங்கே அழகாகப் பள்ளம் எடுக்கும். 20 மி.மீ. தடிமனுள்ளதைக்கூடப் போடலாம். அந்தத் தடிமன் என்ட் மில்லை ரூட்டரில் மட்டும் பூட்டிவிடாதீர்கள். அந்தச் சுற்றுக்கு அது செய்யப்படவில்லை.